விழத் தெரிந்தவர்: ஸ்காட் ஹாலின் ரிங் வாழ்க்கை

எல்லோருக்கும் வணக்கம். தலைப்பைப் பார்த்ததும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். "ரெஸ்லிங்கா? எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்து அடிக்கிற அடிதானே, அதற்கு ஒரு சொற்பொழிவா?" பேசி வைத்ததுதான், மறுக்கவில்லை. யார் ஜெயிப்பது, எத்தனை நிமிடம், எந்தப் பிடியில் முடிப்பது எல்லாம் திரைக்குப் பின்னால் முடிவாகிவிடும். ஆனால் 130 கிலோ உடம்பு தரையில் விழும்போது அந்த அடியைப் பேசி வைத்துக் குறைக்க முடியாது. ஸ்காட் ஹாலைப் பற்றிப் பேச அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1990களில் கேபிள் டிவியில் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ என்ற அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனி) பார்த்தவர்களுக்கும், டிரம்ப் கார்டு வைத்து விளையாடியவர்களுக்கும் ஹாலை ரேசர் ரமோன் என்றால்தான் தெரியும். நெற்றியில் ஒரு சுருள் முடி, கழுத்தில் தங்கச் சங்கிலிகள், வாயில் ஒரு பல்குச்சி. அந்தக் குச்சியை எதிராளி முகத்தில் சுண்டி எறிவார். அட்டையில் உயரம், எடை, மார்பளவு, கைச்சுற்று எல்லாம் போட்டிருக்கும். ஆனால் "இவன் நல்ல வேலைக்காரன்" என்று சக மல்லர்கள் எதை வைத்துச் சொல்வார்கள் என்பதை எந்த அட்டையும் போடவில்லை.

முதலில் ரிங் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். கீழே இரும்புச் சட்டம். அதன் மேல் மரப்பலகைகள். பலகை மேல் ஓர் அங்குல அளவுக்கு ஃபோம், அதன் மேல் இழுத்துக் கட்டிய கித்தான். அவ்வளவுதான். நடுவில் ஏதோ ஸ்பிரிங் கட்டில் மாதிரி இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அதில் முதுகு கொடுத்துப் பார்க்கலாம். அங்கே விழுவதற்குப் பெயர் பம்ப். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை என்றால் பின்மண்டை பலகையில் அடிக்கும். கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போய்விடும். உட்கார்ந்த வாக்கில் விழுந்தால் முதுகெலும்பின் கீழ்முனை அடி வாங்கும். மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், இரண்டு கைகளும் பக்கவாட்டில் தட்ட வேண்டும், அதே நொடியில் மூச்சை வெளியே விட வேண்டும். இதைச் சரியாகச் செய்தாலும் வலிக்கும். சரியாகச் செய்தால் நாளைக்கும் செய்யலாம், அதுதான் வித்தியாசம்.

ஹாலின் உயரம் ஆறடி ஏழு அங்குலம் என்று அறிவிப்பார்கள். உயரமான ஆளுக்கு ஒரு சங்கடம்: குள்ளமானவரைவிட அதிக தூரம் விழ வேண்டியிருக்கும். அதனால் பெரிய உருவம் கொண்டவர்கள் பெரும்பாலும் விழுவதைத் தவிர்ப்பார்கள். இடித்தால் அசையாமல் நிற்பார்கள், அதையே கம்பீரம் என்பார்கள். ஹால் அப்படியில்லை. சின்ன ஆள் அடித்த அடிக்கும் தடுமாறுவார், கயிற்றில் சாய்வார், விழுவார்.

அவருடைய முத்திரைப் பிடி ரேசர்ஸ் எட்ஜ். எதிராளியைக் குனிய வைத்துத் தலையைத் தன் தொடைகளுக்கு நடுவே பிடிப்பார். இரண்டு கைகளையும் பற்றி மேலே தூக்குவார். இப்போது எதிராளி ஹாலின் தோளுக்கு மேலே, சிலுவையில் அறைந்த மாதிரி கை விரித்து, முகம் வானத்தைப் பார்த்துக் கிடப்பார். அப்படியே இரண்டு அடி நடந்து முன்பக்கமாக இறக்கிவிடுவார். இதில் மேலே இருப்பவருக்குத் தரை தெரியாது. கை பிடிபட்டிருப்பதால் கடைசி நொடிவரை தரையைத் தட்டவும் முடியாது. அவர் கழுத்து மொத்தமும் தூக்குபவர் பொறுப்பு. கையை ஒரு கணம் முன்னால் விட்டால் அவர் தோள் சரிந்து விழுவார்; ஒரு கணம் பின்னால் விட்டால் பிடரி முதலில் தரையில் படும். வியர்வையில் ஒரு கை வழுக்கினாலும் அதே கதை. வருடக்கணக்கில் ஊர் ஊராக ஹால் இதைச் செய்தார், வாங்கியவர்கள் எழுந்து நடந்து போனார்கள். சக மல்லர்கள் "நல்ல வேலைக்காரன்" என்று சொன்னது இதற்குத்தான்.

அடுத்தவரை உயர்த்துவதும் இதில் ஒரு பாதி. 1993 மே 17 அன்று டபிள்யூடபிள்யூஎஃப்பின் வாராந்திர 'ரா' நிகழ்ச்சியில், அதுவரை தோற்பதற்கென்றே கொண்டுவரப்பட்ட ஒல்லியான இளைஞர் ஒருவர் கம்பத்தின் உச்சியிலிருந்து பின்பல்டி அடித்து ரமோன் மேல் விழுந்தார். ரெஃப்ரி மூன்று எண்ணினார். அந்த இளைஞர்தான் பிறகு ஒன் டூ த்ரீ கிட் என்று பெயர் பெற்ற ஷான் வால்ட்மன். தோற்ற ரமோன் நம்ப முடியாமல் விழித்த விழிப்புதான் அந்தக் காட்சியை நிலைக்க வைத்தது.  தன் பெயரைக் கொஞ்சம் கொடுத்து இன்னொருவருக்குப் பெயர் வாங்கித் தருவது பெரிய நட்சத்திரங்களில் பலருக்கு வராத குணம்.

அடுத்து ஏணி. 1994 மார்ச் 20, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், கம்பெனியின் வருடாந்தரப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் பத்தாவது பதிப்பு. ஷான் மைக்கேல்ஸ் என்ற மல்லரிடமிருந்து பறிக்கப்பட்ட, உலகப் பட்டத்துக்கு அடுத்த நிலையிலிருந்த இன்டர்காண்டினென்டல் பட்டத்தை ரமோன் வென்றிருந்தார். மைக்கேல்ஸோ பழைய பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு "நான் தோற்கவே இல்லை" என்று திரிந்தார். இரண்டு பெல்ட்டையும் ரிங்குக்கு மேலே தொங்கவிட்டு, ஏணி வைத்து ஏறி எடுப்பவர் ஜெயித்தவர் என்றார்கள். ஏணி மேட்ச் அவர்கள் கண்டுபிடித்ததில்லை. கனடாவின் கால்கரியில் ஸ்டாம்பீட் ரெஸ்லிங்கில் 1970களிலேயே உண்டு. ஆனால் அன்றைக்குப் பிறகுதான் உலகம் முழுக்க எல்லோருக்கும் அது வேண்டும் என்றானது.

ஏணியில் என்ன கஷ்டம்? சிமெண்ட் தரையில் நிற்கும் ஏணி வேறு, கித்தான் மேல் நிற்கும் ஏணி வேறு. ஃபோம் அமுங்கும், பலகை அதிரும். யாராவது கயிற்றில் மோதினால் ரிங்கே அசையும், கூடவே ஏணியும். ஏறுபவர் வேகமாக ஏறினால் விறுவிறுப்பு போய்விடும், மெதுவாக ஏறினால் "ஏன் இவன் தூங்குகிறான்" என்று கூட்டம் கேட்கும். ஹால் கால் நொண்டி, முதுகைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் வைத்து ஏறினார். மைக்கேல்ஸ் ஏணி உச்சியிலிருந்து பாய்ந்தபோது கீழே மல்லாந்து படுத்து அதை உடம்பில் வாங்கினார். பத்திரிகைகள் மைக்கேல்ஸின் பாய்ச்சலைத்தான் படமாகப் போட்டன. வாங்குபவர் அரை அடி தள்ளிப் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அந்தப் படத்தில் தெரியாது. கடைசியில் மைக்கேல்ஸ் கால் கயிற்றில் சிக்கித் தலைகீழாகத் தவிக்க, ரமோன் ஏறி இரண்டு பெல்ட்டையும் பறித்தார். கிட்டத்தட்ட 19 நிமிடம். அவர் அந்தப் பட்டத்தை மொத்தம் நான்கு முறை வைத்திருந்தார். உலகப் பட்டம்? டபிள்யூடபிள்யூஎஃப்பிலும் இல்லை, பிறகு அவர் போன டபிள்யூசிடபிள்யூ என்ற போட்டிக் கம்பெனியிலும் ஒருமுறைகூட இல்லை.

இவ்வளவு தெரிந்தவருக்கு என்ன ஆனது? "குடி கெடுத்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். உண்மைதான், ஆனால் அரை உண்மை.

1983இல், ரிங்குக்கு வருவதற்கு முன்பே, ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோவில் ஒரு இரவு விடுதிக்கு வெளியே நடந்த தகராறில் ஒருவர் துப்பாக்கி எடுத்தார். ஹால் அதைப் பிடுங்கிச் சுட்டார். அந்த ஆள் இறந்துபோனார். கொலை வழக்குப் போட்டார்கள், ஆதாரம் போதவில்லை என்று கைவிட்டார்கள். சட்டப்படி அத்தோடு முடிந்தது. அவருக்கு முடியவில்லை. 2011இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதை அவரே விரிவாகச் சொன்னார். அப்போது அவருக்கு 52 வயது. வழக்கு முடிந்த கையோடு ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டிய மனிதர், 1984இல் ரெஸ்லிங்குக்குப் போனார்.

அன்றைக்கு அந்தத் தொழிலின் நாள் எப்படி இருந்தது என்று கொஞ்சம் கணக்குப் போடுங்கள். வருடத்தில் முக்கால்வாசி நாள் வெளியூர். விமான டிக்கெட் கம்பெனி போடும். வாடகைக் காரும் ஹோட்டலும் மல்லரின் சொந்தச் செலவு. அதனால் மூன்று பேர் சேர்ந்து ஒரு காரில் நள்ளிரவில் அடுத்த ஊருக்கு ஓட்டுவார்கள். கம்பெனிக் கணக்கில் மல்லர் ஊழியர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர். கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடு கிடையாது. அந்தக் காலத்தில் ரிங்கில் ஏறினால்தான் கூலி, அதுவும் டிக்கெட் விற்ற அளவுக்கு. முதுகு பிடித்துக்கொண்டது என்று படுத்தால் வருமானம் போகும், நம் இடத்தில் இன்னொருவன் நிற்பான். அதனால் வலிக்கு ஒரு மாத்திரை. தசை தளர ஒன்று. மேட்ச் முடிந்த பரபரப்பு அடங்கித் தூக்கம் வர மது. காலையில் எழ வேறு ஏதோ. இதில் ஒவ்வொன்றும் தனியாக ஒரு காரணத்துக்கு வந்தது, சேர்ந்தால் மூச்சையும் இதயத்தையும் அமுக்கும். வலி என்பது உடம்பு அடிக்கிற மணி. மாத்திரை மணியின் சத்தத்தைத்தான் நிறுத்தும், உள்ளே தேய்வது நிற்காது. ஹாலோடு 1986இல் ஏடபிள்யூஏ என்ற கம்பெனியின் இருவர் அணிப் பட்டம் வைத்திருந்த கர்ட் ஹென்னிக், பிற்பாடு மிஸ்டர் பெர்ஃபெக்ட், 2003இல் 44 வயதில் போதைப்பொருளால் இறந்தார்.

1996இல் போட்டிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூ உத்தரவாதச் சம்பளம் தருகிறேன் என்றது. ரிங்கில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் பணம், வேலை நாளும் குறைவு. மே 27 அன்று ஜார்ஜியாவின் மேக்கனில் அதன் வாராந்திர 'நைட்ரோ' நேரலையில் ஒரு மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே பார்வையாளர் நடுவிலிருந்து எழுந்து ரிங்குக்குள் ஏறி மைக் வாங்கினார் ஹால். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும், ஏன் வந்தேன் என்று தெரியாது என்றார். அவ்வளவுதான் பேச்சின் சாரம். ஜூலை 7ஆம் தேதி ஹல்க் ஹோகனும் சேர, ஹால், கெவின் நாஷ், ஹோகன் மூவரும் நியூ வேர்ல்ட் ஆர்டர் என்ற வில்லன் அணி ஆனார்கள். அந்தச் சமயத்தில் தொடங்கி 83 வாரம் தொடர்ச்சியாக டபிள்யூசிடபிள்யூ பார்வையாளர் எண்ணிக்கையில் டபிள்யூடபிள்யூஎஃப்பை முந்தியது.

உத்தரவாதச் சம்பளம் ஒரு பிரச்சினையைத் தீர்த்தது, இன்னொன்றைத் திறந்துவிட்டது. பிழைப்புக்காக நிதானமாக இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போனது. 1998இல் ஹாலின் குடியை எல்லோரும் அறிந்திருந்தபோது அந்தக் கம்பெனி என்ன செய்தது? அவரைக் குடிகாரராகவே கதையில் எழுதியது. கையில் கோப்பையோடு தள்ளாடி வரச் சொன்னது. நிஜமாகச் சிகிச்சை தேவைப்படும் ஒருவரிடம் அதே நோயை நடிக்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்தார்கள். அவர் கெட்டிக்காரர் என்பதுதான் இங்கே வினையானது. பாதி நிதானத்திலும் அவரால் கூட்டத்தைக் கட்டிப்போட முடிந்தது, அதனால் யாரும் நிறுத்தவில்லை.

ஆனால் ரிங்கில் பாதி நிதானம் போதாது. மல்லர்கள் அடுத்த நகர்வைப் பிடி போட்டிருக்கும்போது காதருகே முணுமுணுப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வரும் செய்தியை ரெஃப்ரி கடத்துவார். குடித்தவருக்கு முதலில் போவது சமநிலை, அடுத்தது கேட்டதற்கும் செய்வதற்கும் நடுவே இருக்கும் அந்தக் கால் நொடி. நான் சொன்னேனே, ரேசர்ஸ் எட்ஜில் கை விடும் கணம், அது இந்தக் கால் நொடியில்தான் இருக்கிறது.

2000 தொடக்கத்தோடு டபிள்யூசிடபிள்யூவில் அவர் ரிங் வேலை முடிந்தது. வயது 41. 2002 பிப்ரவரியில் பழைய கம்பெனி மீண்டும் அழைத்தது, மார்ச்சில் ரெஸில்மேனியாவில் ஸ்டீவ் ஆஸ்டினோடு மோதினார், மே மாதம் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது மல்லர்கள் குடித்து ரகளை செய்த அந்தப் பேர்போன விமானப் பயணத்துக்குப் பிறகு வெளியே அனுப்பப்பட்டார். ஹென்னிக்கையும் அதே சமயத்தில் அனுப்பினார்கள். அதன்பின் டிஎன்ஏ என்ற இன்னொரு ரெஸ்லிங் கம்பெனியில் வருவார், போவார். 2007 டிசம்பரில் பெரிய நிகழ்ச்சி ஒன்றுக்கு வரவே இல்லை.

சக மல்லர் எடி குரேரோ 2005 நவம்பரில் 38 வயதில் இறந்த பிறகுதான் டபிள்யூடபிள்யூஇ 2006இல் போதைப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் சேர்ந்த திட்டத்தைக் கொண்டுவந்தது. முன்னாள் மல்லர்களுக்கு மறுவாழ்வுச் சிகிச்சைச் செலவை ஏற்கிறோம் என்று 2007இல் அறிவித்தது. ஹாலும் அதில் பலமுறை போய் வந்தார். வசதி செய்து கொடுத்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இருபது வருடம் தாமதமாக என்பதையும் சொல்லியாக வேண்டும். 2011 ஏப்ரலில் மாசசூசெட்ஸில் ஒரு சிறிய அரங்கில், இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, நிற்க முடியாமல் அவர் ரிங்குக்கு வந்த காட்சி இணையத்தில் இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

2013இல் முன்னாள் மல்லர் டைமண்ட் டல்லாஸ் பேஜ் அவரை அட்லாண்டாவில் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார். 1991இல் ஹால் டைமண்ட் ஸ்டட் என்ற பெயரில் ஆடியபோது மேலாளராக நின்றவர் அதே பேஜ். வீட்டில் மது கிடையாது, தினமும் யோகா, சாப்பாட்டில் கட்டுப்பாடு. போதையிலிருந்து மீள வந்த இன்னொரு மல்லர் ஜேக் ராபர்ட்ஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார், ஒருவரை ஒருவர் கண்காணித்தார்கள். இடுப்பு மூட்டு அறுவைக்கு ரசிகர்கள் இணையத்தில் பணம் போட்டார்கள். சிகிச்சை மையத்தில் சில வாரம் இருந்து அதே வீட்டுக்கும் அதே தனிமைக்கும் திரும்புவதால் ஆகாதது, கூடவே ஆள் இருந்ததால் ஓரளவு ஆனது. 2014 ஏப்ரல் 5, நியூ ஆர்லியன்ஸில் டபிள்யூடபிள்யூஇ தன் நட்சத்திரங்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் நிமிர்ந்து நின்று, சுருக்கமாகப் பேசி, பல்குச்சியோடு இறங்கினார்.

அதன்பின் எட்டு வருடம் இருந்தார். 2022 மார்ச்சில் வீட்டில் தடுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. அறுவை நடந்தது, அதன் பிறகு இரத்தக் கட்டி ஒன்று நகர்ந்து மூன்று முறை மாரடைப்பு வந்தது. மார்ச் 14 அன்று இறந்தார். வயது 63.