சீன வித்தைக்காரரும் நம் லயத்து முகவரியும்

தலைவர் அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, கோயில் பரிபாலன சபைப் பெரியவர்களே, மழையிலும் மேற்பிரிவிலிருந்து நடந்து வந்த தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய இளைஞர்களுக்கு நன்றி. ஹட்டன் குளிருக்கு அது உதவுகிறது.

சுங் லிங் சூ என்ற மேடை வித்தைக்காரரின் இளமை, போட்டி, முடிவு மூன்றையும் சொல்கிறேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலும் இறங்கியதில்லை.

பெயரைக் கேட்டால் சீனர். விசாரித்தால் 1861இல் அமெரிக்காவில் பிறந்த வில்லியம் ரொபின்சன்! சிங் லிங் ஃபூ என்ற நிஜச் சீன வித்தைக்காரர் பேரெடுத்ததைப் பார்த்து, இவரும் தலையை மழித்து, பின்னல் வைத்து, பட்டு அங்கி மாட்டிக்கொண்டார். நிருபர்களிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் பேச்சு. 1905இல் லண்டனில் இருவருக்கும் மோதல். அதை அப்புறம் சொல்கிறேன்.

1918 மார்ச் 23, லண்டன் வூட் கிரீன் எம்பயர் அரங்கு. சுடும் குண்டைத் தட்டில் பிடிக்கும் வித்தை. சூட்சுமம் துப்பாக்கியில். குண்டு மேல்குழலில், நெருப்பு போவது கீழே, மருந்து இடிக்கும் கோலைச் செருகும் குழலுக்கு. சத்தம் வரும், புகை வரும், குண்டு அசையாது. ஆனால் காட்சி முடிந்ததும் குண்டை வெளியே எடுக்கக் குழலின் பின்திருகைக் கழற்றிக் கழற்றி மரை தேய்ந்துவிட்டது. வெடிமருந்துத் தூள் கசிந்து, நெருப்பு மேல்குழலுக்கும் போக வழியானது. அன்றைக்கு மேல்குழலே வெடித்தது. நெஞ்சில் குண்டு! "ஐயோ, என்னவோ ஆகிவிட்டது, திரையை இறக்குங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சீனர் வாயில் ஆங்கிலம்! மறுநாள் உயிர் போனது. விபத்து என்றது விசாரணை. பார்த்தீர்களா, தீர விசாரிப்பதே மெய்.

சரி, அவர் தன்னைத் தானே மறைத்துக்கொண்டார். மலையகத் தமிழரான நம்மை, இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் குடியுரிமை மறுத்து ஒரே வீச்சில் மறைத்தது. அந்த உரிமை திரும்பியது, வீட்டு இலக்கம் வரவில்லை. இந்த லயங்களுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கடிதமெல்லாம் தோட்டக் காரியாலயம் வழிதான். என் மகளின் நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்த மூன்றாம் நாள் கைக்கு வந்தது. இதைவிடப் பெரிய மாயவித்தை உண்டா?

தலைவர் மணியடிக்கிறார், போட்டிக் கதை இன்னொரு நாள். வாசல் மேசையில் வீட்டு இலக்கம் கேட்கும் மனு இருக்கிறது. வாசிக்கக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். முகவரி என்று ஒரு கட்டம் வரும், அதை வெறுமையாகவே விடுங்கள்.