வாடகை வீட்டை விட்டுப் போகும்போது

வணக்கம், நேயர்களே. பேச அழைத்த வானொலி நிலையத்தாருக்கு என் நன்றி. டர்பனில் சமூகப் பணியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல குடும்பங்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். தலைமுறை தலைமுறையாக ஒரே வாடகை வீட்டில் வாழ்ந்த குடும்பம் அந்த வீட்டை விட வேண்டி வரும்போது அந்த வேதனையை எப்படித் தாங்குவது என்பதுதான் இன்றைய பேச்சு.

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. வீட்டுக்காரர் காலமாகிறார். பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கிறார்கள், வீட்டை விற்றுப் பங்கு பிரிக்கலாம் என்கிறார்கள். ஏஜென்ட் ஒருவர் வந்து சுவர்களைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார். அப்புறம் ஒரு கடிதம். அக்கம்பக்கத்தில் சொன்னால், "வாடகை வீடுதானே, வேற ஒண்ணு பாத்துக்கலாம்" என்கிறார்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டவர் அதற்கு மேல் ஒன்றும் பேச முடியாமல் ஆகிவிடுகிறார். சொந்த வீடு போனால் அழலாம், வாடகை வீடு போனால் அழக்கூடாது என்று யார் வகுத்தது? பிள்ளைக்குப் பெயர் வைத்தது அந்த முன்னறையில்தான். பெண்ணுக்கு நலங்கு வைத்ததும் அங்கேதான். தாத்தாவின் உடலைக் கடைசியாகக் கிடத்தியதும் அதே இடத்தில்தான். பத்திரத்தில் யார் பெயர் இருந்தால் என்ன?

இந்தத் தென்னாப்பிரிக்காவில் நம் கதையே இதுதான். 1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களுக்குக் கிடைத்தது கரும்புத் தோட்டத்துக் குடியிருப்பு. நகராட்சி வேலைக்குப் போனவர்கள் டர்பனில் மேகசின் பாரக்ஸ் என்ற நகராட்சிக் குடியிருப்பில் இருந்தார்கள். வேலை இருக்கும்வரைதான் அந்த அறை. டர்பனிலேயே கேட்டோ மேனர் பகுதியில் காய்கறி போட்டவர்களில் பலர் நிலத்துக்கு வாடகை கொடுத்து, தகரமும் பலகையும் வைத்துத் தாங்களே வீடு கட்டிக்கொண்டார்கள். 1950இல், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்தது. அதன் பிறகு லாரிகளில் சாமான் ஏற்றிச் சாட்ஸ்வர்த்துக்குப் போனவர்களில் சொந்தக்காரர்களும் இருந்தார்கள், வாடகைக்காரர்களும் இருந்தார்கள். சொந்தக்காரருக்கு இழப்பீடு என்று கொஞ்சமாவது ஒரு தொகை பேசினார்கள். வாடகைக்காரரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

என் ஆயா அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. கேட்டோ மேனர் என்றால் ஆற்றங்கரைக் கோயிலைப் பற்றிச் சொல்வார், மாம்பழத்தைப் பற்றிச் சொல்வார், வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பிறகு, கிளேர் எஸ்டேட்டில் நாங்கள் இருந்த வாடகை வீடு விற்கப்பட்டபோது என் அம்மா அழுத அழுகை எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு வீட்டுக்கான அழுகையாக அது இல்லை. சின்னப் பெண்ணாக லாரியின் பின்னால் உட்கார்ந்து போனதற்கும் சேர்த்துத்தான் அழுதார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அளவுக்கு மீறிக் கலங்குகிறார்கள் என்று தோன்றினால், இதை நினைத்துப் பாருங்கள். முந்தைய வீட்டைப் பற்றிக் கேளுங்கள். சமையலறை எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இவ்வளவாவது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது. நம் அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது எல்லாம் வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்குச் செய்கிற காரியம் இல்லை. வழக்கு என்று வந்தால், வெளியேற்றம் பற்றிய 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் முதியவர்கள், குழந்தைகள், உடல் ஊனமுற்றவர்கள் இருக்கிறார்களா, பெண் ஒருத்தி தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறாளா என்பதையும் நீதிபதி பார்க்க வேண்டும். வீடு கைமாறினாலும், ஏற்கெனவே இருக்கும் லீஸ் முடியும்வரை புது உரிமையாளர் அதை மதித்தாக வேண்டும். மாதத்துக்கு மாதம் என்று இருப்பவர்களுக்கு அந்த அளவு பாதுகாப்பு இல்லை, ஆனாலும் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தகராறு என்றால் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. வாடகை ரசீதுகளை ஒரு பையில் போட்டு வையுங்கள், பழையதாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

டெபாசிட்டைப் பற்றி ஒன்று. அது வட்டி வரும் கணக்கில் இருந்திருக்க வேண்டும், வட்டியும் உங்களுக்குத்தான். காலி செய்யும் முன் நீங்களும் வீட்டுக்காரரும் சேர்ந்தே வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டை அப்படிப் பார்க்க வந்த ஏஜென்ட் சாமி மூலையில் நின்றார். அம்மா காமாட்சி விளக்கு ஏற்றிய சுவரில், விளக்குக்கு நேர் மேலே புகை படிந்து, கூரையை நோக்கிப் போகப் போகக் குறுகிக்கொண்டு ஒரு கருமை. அதற்குக் கீழே, வெள்ளிக்கிழமை தோறும் குங்குமம் வைத்த சுவரில் சிவப்புப் புள்ளிகள். எத்தனை முறை துடைத்தும் போகவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டுத் தாளில் "கறை" என்று எழுதினார். எழுதியது தப்பு என்று சொல்ல மாட்டேன், அவர் வேலை அது. ஆனால் அம்மா அந்தத் தாளில் கையெழுத்துப் போடத் தயங்கி நின்றார். தினமும் வாழ்ந்ததால் வந்த சாதாரணத் தேய்மானத்துக்குப் பணம் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள். இப்படி ஒரு சுவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், அவர்கள் வந்து பார்க்கும் முன்பே நீங்களே ஒருமுறை அதன் முன் நின்று, விளக்கேற்றி, விடைபெற்றுக்கொள்ளுங்கள். அதன் பிறகு சுண்ணாம்பு அடித்தாலும் மனது இவ்வளவு நோகாது.

தோட்டத்தில் எதை எடுத்துப் போகலாம் என்று பலர் கேட்பார்கள். கறிவேப்பிலையைக் கட்டாயம் எடுங்கள். தாய் மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கன்றுகள் முளைத்திருக்கும். ஒன்றிரண்டை வேரோடு தோண்டி, பழைய பெயின்ட் டின்னில் அடியில் ஓட்டை போட்டு வைத்து, வீடு மாறுவதற்குச் சில வாரம் முன்பே பழக்கிவிடுங்கள். குளிர்காலத்தில் அது மெதுவாகத்தான் பிடிக்கும், பதற வேண்டாம். சிரிங்கா மரத்தை மட்டும் கொண்டுபோக முடியாது. வேம்பு கிடைக்காத இந்த ஊரில் மாரியம்மனுக்கு நம்மவர்கள் அதன் இலையைத்தான் வைத்தார்கள், ஆனால் புதிதாக நடக்கூடாத மரங்களின் பட்டியலில் இப்போது அது இருக்கிறது. ஆடியில் கூழ் ஊற்றும்போது பழைய தெருவில் யாரிடமாவது ஒரு கொத்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சாக்கில் ஒரு முறை போய் வந்தது போலவும் இருக்கும்.

வயதானவர்கள் புது இடத்தில் இரவில்தான் தடுமாறுகிறார்கள். தூக்கத்தில் எழுந்தால் கை பழைய வீட்டுச் சுவிட்சைத் தேடும், கால் பழைய வழியில் குளியலறைக்குப் போகும். என் அம்மா முதல் வாரங்களில் சுவர் பக்கம் திரும்பி நின்று தடவிக்கொண்டே இருப்பார். கட்டிலை முன்பு இருந்த வாக்கில் போடுங்கள், கதவு முன்பு எந்தக் கைப்பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே வரும்படி பாருங்கள். நடைவழியில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். உதவித்தொகை வாங்குபவர் என்றால் புது முகவரியை உடனே பதிவு செய்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு, முடிந்தால், பள்ளியை அந்த ஆண்டு முடியும்வரை மாற்றாதீர்கள்.

கோயிலையும் மாற்ற வேண்டியதில்லை. கேட்டோ மேனரில் வீடுகள் இடிக்கப்பட்ட பிறகும் கோயில்கள் நின்றன. சாட்ஸ்வர்த்துக்குப் போனவர்கள் அங்கேயே திரும்பத் திரும்ப வந்தார்கள். தைப்பூசத்தில் கிளேர்வுட் சுப்பிரமணியர் கோயிலில் காவடி எடுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருடைய பழைய வீடு அந்தப் பக்கத்தில் இருந்தது என்று சொல்வார்கள். இன்று நீங்கள் வெரூலத்துக்கோ ஃபீனிக்ஸுக்கோ போனாலும், காவடியைப் பழைய கோயிலிலேயே எடுக்கலாம். பழைய பக்கத்து வீட்டாரை அங்கே பார்க்கலாம்.

கடைசியாக, வீடு மாறாமல் அதே தெருவில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் யாராவது இந்த மாதம் காலி செய்கிறார்கள் என்றால், சாமான் ஏற்றுகிற அன்றைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. பருப்பும் சோறும் கொண்டுபோய்க் கொடுங்கள். புது முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டு, இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். வீட்டைப் பற்றி அவர்கள் பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். வணக்கம்.