வலி போன பிறகு வரும் வாரங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஓட்டக்காரர்களின் கால்களோடு பழகும் பிசியோதெரபிஸ்ட் நான். பாத எலும்பில் விழும் மெல்லிய விரிசலைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். மருத்துவமனைகளில் இதை ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்பார்கள். கீழே விழாமல், எதிலும் இடித்துக்கொள்ளாமல், ஓடி ஓடியே உண்டாகும் முறிவு.

ஓட்டக்காரர்களுக்கு முன்பே சிப்பாய்கள் இதை அனுபவித்திருக்கிறார்கள். நெடுந்தூரம் நடந்த வீரர்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதை 1855இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர் எழுதிவைத்தார். 1895இல் எக்ஸ்ரே வந்த பிறகே உள்ளே எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. அந்த எக்ஸ்ரேயும் முதல் இரண்டு மூன்று வாரங்களில் பல நேரம் ஏமாற்றிவிடும். "படத்தில் ஒன்றுமில்லை" என்று கேட்டதும் மறுநாள் காலையே கடற்கரைச் சாலையில் இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. ஒரு விரலால் அழுத்தும்போது ஒரே இடத்தில் சுள்ளென்று வலித்தால், படத்தைவிட அந்த இடத்தை நம்புங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தொடக்கத்திலேயே தெரியும்.

எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது பழையதைக் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. கரைப்பது சீக்கிரம் முடியும், கட்டுவதற்கு மாதங்கள் ஆகும். இரண்டாம், மூன்றாம் விரல்களுக்குப் பின்னே நீளும் எலும்புகளில் விழுந்த விரிசல் பொதுவாக 6 முதல் 8 வாரங்களில் ஆறிவிடும். வலியோ அதற்கு வெகு முன்னதாகவே அடங்கிவிடும். எனக்குக் கவலை தருபவை இடைப்பட்ட அந்த வாரங்கள்தான். வலியோடு வருகிறவர் சொன்னதைக் கேட்பார். வலி போனவர் என் தொலைபேசியைக்கூட எடுக்கமாட்டார். தளம் போட்ட நான்காம் நாள் கான்கிரீட் கல்லாகத்தான் தெரியும். முட்டுக்கம்பைப் பிரிக்க மேஸ்திரி விடுவாரா? வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது இன்னும் மோசம்.

சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடிப்பகுதி, பாதத்தின் நடுவளைவில் இருக்கும் படகு எலும்பு ஆகிய இரண்டு இடங்களிலும் ரத்த ஓட்டம் குறைவு. அங்கே விரிசல் என்றால் எலும்பு மருத்துவரிடம் போயே ஆகவேண்டும். சில சமயம் அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

அமெரிக்காவின் டீனா காஸ்டர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலம் வென்றவர். 2008 பெய்ஜிங்கில் சுமார் 5 கிலோமீட்டரிலேயே பாத எலும்பு முறிந்து விலகினார். அதே காஸ்டர் 2015இல் சிகாகோவில், 42 வயதில், 2 மணி 27 நிமிடம் 47 விநாடியில் ஓடி, 40 வயதைக் கடந்த அமெரிக்கப் பெண்களுக்கான சாதனையைப் படைத்தார். இரண்டுக்கும் நடுவே 7 ஆண்டுகள். நம்மவர்கள் 7 வாரம் கேட்டாலே முகத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள்.

சும்மா படுத்திருக்கச் சொல்லவில்லை. ஆழமான நீரில், தரையில் கால் படாமல் ஓடலாம். கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு மிதவைகூட வேண்டாம். மருத்துவர் அனுமதித்தால் சைக்கிள் மிதிக்கலாம். வீட்டுக்குள் மொசைக் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். மாமியார் முகம் சுளித்தாலும் மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கேழ்வரகு, பால், கருவாடு என்று சுண்ணாம்புச்சத்து உள்ளவற்றை வயிறாரச் சாப்பிடுங்கள். எடை ஏறிவிடும் என்று பயந்து பட்டினி கிடந்தால் எலும்பு ஒன்றுசேராது. விடியும் முன்பே ஓடிவிட்டுப் பகலெல்லாம் அலுவலகத்துக்குள் இருப்பவர்கள் வைட்டமின் டி அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது. மாதவிடாய் தள்ளிப்போகிற பெண்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். எலும்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

திரும்பி வரும்போது, அரை மணி நேரம் வலியின்றி வேகமாக நடக்க முடிந்த பிறகே ஓட்டம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் தூரத்தைக் கூட்டுங்கள், வேகம் பிறகு. பழைய இடத்தில் மறுநாள் காலை வலி எட்டிப்பார்த்தால் சில நாள் ஓய்வெடுத்து, முந்தைய வாரத்து அளவுக்கே திரும்புங்கள்.

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பணம் கட்டிவிட்டேனே என்று கேட்பார்கள். நவம்பரில் விரிசல் கண்டவருக்கு அந்த 42 கிலோமீட்டர் கிடையாது. மனம் கேட்கவில்லையென்றால் தண்ணீர் கொடுக்கும் மேசைக்கு உதவப் போங்கள். அங்கேயும் நின்றுகொண்டே இருக்காமல், ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.