கழிமுகத்தில ரெண்டு தண்ணி: பொதுப் பேச்சுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி

வணக்கம் உறவுகளே! பள்ளிக்கூட லீவில கடலையும் ஆத்தையும் பற்றிப் பேச்சு வைக்கப் போறவைக்குத்தான் இந்த வீடியோ. திருகோணமலை எண்டால் எல்லாரும் நீலத்திமிங்கிலத்தில தொடங்குவினம். நீங்கள் மகாவலி கொட்டியாரக் குடாவில விழுற இடத்தில தொடங்குங்கோ. 335 கிலோமீற்றர் ஓடிவந்த நன்னீர் மேலால படர்ந்து போகும், பாரமான உப்புத்தண்ணி அடியால ஆத்துக்குள்ள ஏறும். எங்கட கரையில வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, அதனால ரெண்டும் லேசில கலவாது. இது வாயால சொன்னா விளங்காது, காட்டோணும்.

ஒரு சின்ன மீன் தொட்டி எடுங்கோ. நடுவில பிளாஸ்ரிக் தகடு வைச்சு, விளிம்பைக் களிமண்ணால அடையுங்கோ. ஒரு பக்கம் 2 லீற்றர் நன்னீர். மற்றப் பக்கம் 2 லீற்றரில 70 கிராம் உப்பு, மட்டமா நாலு மேசைக்கரண்டி, அதோட நீலச் சாயம் கொஞ்சம். ரெண்டு பக்கமும் ஒரே மட்டம் நிக்கோணும், இல்லாட்டி தகட்டைத் தூக்கின உடன பாய்ஞ்சு கலங்கிடும். தகட்டை நேர மேல உருவுங்கோ. பாருங்கோ, நீலம் நாக்கு மாதிரி அடியால போகுது!

பிழைக்கிறது பெரும்பாலும் சுடுதண்ணியால. உப்புக் கெதியாக் கரையட்டும் எண்டு சுடச்சுடக் கரைச்சு அப்பிடியே ஊத்துவினம். சூட்டில தண்ணி விரிஞ்சு பாரம் குறைஞ்சிடும், பிறகு அடிக்குப் போகாது. நல்லா ஆற விடுங்கோ.

தோணியில போய் அடித்தண்ணியின்ர உப்பை உண்மையாவே அளக்கிறதெண்டால் விடியப் போங்கோ, கச்சான் காத்து எழும்பினா மேல்தண்ணி கலங்கிடும். கண்ணாடிப் போத்தலுக்குத் தக்கை, தக்கைக்குத் தனிக் கயிறு. கல்லைப் போத்தலுக்கு அரை மீற்றர் கீழ கட்டுங்கோ, இல்லாட்டிச் சேறுதான் வரும். இறக்கிப்போட்டுத் தக்கைக் கயிற்றைச் சுண்டி இழுங்கோ, குமிழி நிண்டாப் பிறகு தூக்குங்கோ. றிஃப்ரக்டோமீற்றரை, அதுதான் ஒரு துளித் தண்ணியில உப்பளவு காட்டுற கருவியை, முதல்ல காய்ச்சி வடிச்ச தண்ணியில பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, நிழலில வைச்சுப் பாருங்கோ. கனக்கக் கருவியள் 30 பாகைச் சூடு வரைக்கும்தான் தானாத் திருத்தும்.

இறால் கடலிலதான் முட்டை விடும், குஞ்சு வளர களப்புக்கும் கண்டலுக்கும் வரும். அடியால உள்ள ஏறுற உப்புத்தண்ணி அதுக்கு வழி. சனத்துக்கு இறால் தெரியும், அந்த இடத்தில கட்டாயம் கொஞ்சம் நில்லுங்கோ.

ஆத்தில மண் அள்ளுறதைப் பற்றி ஆரும் கேட்டா, அதுக்கும் தொட்டியே போதும். நன்னீர்ப் பக்கத்தில மண்ணைச் சரிவாப் போட்டு ஒருக்காச் செய்யுங்கோ, நீலம் சரிவில ஏறேலாம நிண்டிடும். அந்த மண்ணைத் தோண்டி எடுத்துப்போட்டு, தண்ணி மாத்தித் திரும்பச் செய்யுங்கோ. நீலம் மற்றச் சுவர் வரைக்கும் போய் முட்டும். மண் அள்ளி ஆத்தடி தாழ்ந்தா உப்புத்தண்ணியும் இப்பிடித்தான் உள்ள ஏறும்.