அரைப் பக்கத்து ஆட்கள்

நேயர்களுக்கு வணக்கம். பிடித்த நாவல், பிடித்த காவியம், பிடித்த வாழ்க்கை வரலாறு, மூன்றையும் பற்றிப் பேச வாருங்கள் என்று நிகழ்ச்சியை நடத்தும் தங்கை கூப்பிட்டார். நான் விமர்சகி இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்தில் இருக்கிற டோங்காட்டில் வாரக்கடைசித் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். மற்ற நேரத்தில் படிக்கிறேன், அவ்வளவுதான். எந்தப் புத்தகத்திலும் நாயகர்களைவிட, அரைப் பக்கம் வந்துபோகிற சின்ன ஆட்களைத்தான் எனக்குப் பிடிக்கும். இனி நான் சொல்வதெல்லாம் என் சொந்த அபிப்பிராயம். கோபம் வந்தால் என்மேல் வரட்டும், வானொலிமேல் வேண்டாம்.

நாவல் என்று பேச்செடுத்தாலே டர்பனில் முதலில் வருகிற பெயர் பொன்னியின் செல்வன். படம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைகள்கூட இங்கிலீஷில் வாங்கிப் படித்துவிட்டு, "ஆன்ட்டி, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். எனக்கென்ன தெரியும்? கல்கியே அதைப் பூடகமாக விட்டுவிட்டார். 1950 முதல் 1954 வரை பத்திரிகையில் வாராவாரம் வந்த கதை அது. அந்த ருசி ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் தெரியும். யாரோ கதவைத் தட்டுவார்கள், இருட்டில் ஒரு உருவம் நகரும், அவ்வளவுதான், நம் தூக்கம் போச்சு.

எனக்கு அதில் குந்தவையும் நந்தினியும் அப்புறம்தான். முதலில் பூங்குழலி. கோடிக்கரையில் தன்னந்தனியாகப் படகு விடுகிறவள், வந்தியத்தேவனை ராத்திரியில் இலங்கைக்குக் கொண்டுபோய் விடுகிறவள். அவளை விரும்புகிறவன் சேந்தன் அமுதன், தஞ்சாவூரில் கோயிலுக்குப் பூ கொடுக்கிற பையன். வாளும் இல்லை, குதிரையும் இல்லை, தேவாரம் பாடுவான். இந்த இரண்டு பேரும்தான் அந்தக் கதையில் உழைத்துச் சாப்பிடுகிற ஆட்கள். கல்கி என்ன செய்தார்? கடைசியில் பூக்காரப் பையன்தான் நிஜமான மதுராந்தகன் என்று சொல்லி, அவன் தலையில் சோழ கிரீடத்தை வைத்துவிட்டார். கதையை உடைத்துவிட்டேன் என்று திட்டாதீர்கள், எழுதி எழுபது வருஷம் ஆகிவிட்டது. எனக்கு அந்த முடிவு இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஒருவன் நல்லவனாக இருந்தால் ராஜ ரத்தமாகத்தான் இருக்க வேண்டுமா? பூக்காரனைப் பூக்காரனாகவே விட்டிருக்கக்கூடாதா?

இந்த விஷயத்தில் இளங்கோவடிகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சிலப்பதிகாரம் என்றால் எல்லோரும் கண்ணகி சிலம்பை உடைக்கிற இடத்துக்கு ஓடுவார்கள். நான் நிற்கிற இடம் அதற்குக் கொஞ்சம் முன்னால், மாதரி வீட்டு அடுப்படியில். மாதரி மதுரைக்கு வெளியே ஆயர்சேரியில் இருக்கிற இடைச்சி. கவுந்தியடிகள் அவளை நம்பிக் கண்ணகியை ஒப்படைக்கிறார். அவள் காய்கறியும் அரிசியும் பால் நெய்யும் கொடுக்கிறாள். அவள் மகள் ஐயை வைக்கோல் வைத்து அடுப்பு மூட்டுகிறாள். பூம்புகாரில் பெரிய வணிகன் வீட்டுப் பெண்ணான கண்ணகி, அரிவாள்மணையில் காய் நறுக்குகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வேர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. கோவலன் அவள் கையால் சாப்பிடுகிற கடைசிச் சாப்பாடு அதுதான். சாப்பிட்டு, வெற்றிலை வாங்கிக்கொண்டு, சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகிறான்.

மாதரி என்ன ஆனாள்? அதற்கு வஞ்சிக் காண்டம்வரை காத்திருக்க வேண்டும். மாடலன் என்கிற மறையவன் சேர ராஜாவிடம் ஊர்ச் செய்திகளைச் சொல்லிக்கொண்டு வரும்போது, அடைக்கலமாக வந்தவர்களை இழந்துவிட்டேனே என்று அவள் தீயில் விழுந்து செத்தாள் என்கிறான். இரண்டு மூன்று வரிதான், அதற்குள் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறான். இளங்கோ அவளுக்குக் கோயில் கட்டவில்லை, முன்பிறவியில் ராணி என்று கதைவிடவும் இல்லை. இடைச்சியாக வந்தாள், இடைச்சியாகவே போனாள். அந்த மூன்று வரியைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன், அன்றைக்கு அதற்குமேல் ஓடாது.

இந்த மாதிரி அரைப் பக்கத்து ஆட்களை மட்டுமே வைத்து ஒரு முழு நாவல் வேண்டுமா? அசோகமித்திரனின் தண்ணீர் படியுங்கள். சென்னையில் ஒரு தெரு, குழாயில் தண்ணீர் வரவில்லை, கதை அவ்வளவுதான். அதில் வருகிற ஜமுனாகூட சினிமாவில் சின்ன வேஷம் கட்டப் போகிறவள். முன்பு படித்தபோது நல்ல கதை என்று சொல்லி வைத்துவிட்டேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்ததே, அப்போது மறுபடி எடுத்தேன். இரண்டு லிட்டர் கோக் பாட்டில்களைச் சரம் சரமாகக் கட்டிக்கொண்டு லாரிக்கு நின்றவர்களுக்கு அந்த நாவலை விளக்க வேண்டியதில்லை. வரிசையில் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் பக்கெட்டை யார் காலால் தள்ளுகிறார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. அரசியல் பிரசங்கம் ஒரு வரி கிடையாது.

சரி, வாழ்க்கை வரலாறு. திருவிழாக் கடைகளில் மெல்லிசான புத்தகங்கள் விற்கிறார்களே, தலைவர் ஐந்து வயதிலேயே பொய் சொல்லாதவர், ஏழு வயதிலேயே ஏழைகளுக்காக அழுதவர் என்று, அவை எனக்கு ஆகாது. எனக்குப் பிடித்தது உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரம். 1940இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தது, அவர் 1942இல் காலமானதால் பாதியில் நின்றது. அதில் சேலம் இராமசுவாமி முதலியார் என்றொரு முன்சீப் வருகிறார். கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்தவரை ஐயர் மரியாதைக்குப் பார்க்கப் போகிறார். 1880 அக்டோபர் 21 என்று தேதியோடு எழுதியிருக்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவர் மசியவே இல்லை. கடைசியில், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். ஐயரிடம் அந்தப் புத்தகமே இல்லை. அந்த ஒரு கேள்விதான், 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது, அப்புறம் சங்க நூல்களும் வரிசையாக வந்தன. முன்சீப் கோர்ட்டு வேலை பார்க்க வந்தவர். படித்தவன் என்று வந்து நிற்பவனைப் பார்த்து இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்க ஒரு தைரியம் வேண்டும். எங்கள் வகுப்புக்கு அப்படி ஒருவர் வந்தால் நான் தேநீர் போட்டுக் கொடுத்து உட்கார வைப்பேன்.

நம் ஊர் சம்பந்தப்பட்டதற்கு வருகிறேன். காந்தியின் சத்திய சோதனையில் பாலசுந்தரம் என்று ஒரு சின்ன அத்தியாயம் உண்டு. காந்தி டர்பனில் வக்கீல் தொழில் ஆரம்பித்துச் சில மாதம்தான் ஆகியிருக்கிறது. கிழிந்த துணி, உடைந்த முன்பற்கள் இரண்டு, வாயில் ரத்தம், கையில் கழற்றிய தலைப்பாகை, இந்தக் கோலத்தில் ஒரு தமிழ் ஒப்பந்தக் கூலி வந்து நடுங்கிக்கொண்டு அழுகிறார். எஜமான் அடித்திருக்கிறான். காந்தியின் தமிழ்க் குமாஸ்தாதான் விவரத்தைக் கேட்டுச் சொல்கிறார். வெள்ளைக்காரன் முன்னால் போனால் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது அப்போதைய கட்டாயம், அதையே காந்தியிடமும் செய்கிறார். கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார் காந்தி. தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டபோது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை எழுதியிருக்கிறார். அப்புறம் வேறு எஜமானிடம் மாற்றிவிட்டதோடு சரி. காந்தியின் கதை இந்தியாவுக்குப் போகிறது, பாலசுந்தரம் நேட்டாலில் எங்கோ வேலைக்குப் போகிறார். எனக்கு அவர் பின்னாலேயே போக வேண்டும் போலிருக்கும். பல்லுக்கு என்ன செய்தார்? கல்யாணம் ஆயிற்றா? ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மில் எத்தனையோ பேர் தாத்தா பெயரை அதில்தான் தேடிப் பிடித்தோம். இதைக் கேட்பவர்களில் யாராவது பாலசுந்தரத்தின் பேரப்பிள்ளையாக இருந்தாலும் இருக்கலாம்.

மண்டேலாவின் சுயசரிதையைத் தெரியாதவர்கள் இங்கே கிடையாது. ஆனால் அதில் ராபன் தீவுச் சிறையில் அந்தப் புத்தகமே எப்படி எழுதப்பட்டது என்கிற பகுதியை எத்தனை பேர் நின்று படித்தீர்கள்? மண்டேலா ராத்திரியில் எழுதுவார். கூடச் சிறையிலிருந்த லாலூ சிபா அதை வாங்கி, பத்துப் பக்கத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் அடக்குகிற மாதிரி பொடி எழுத்தில் பிரதி எடுப்பார். 1976இல் விடுதலையான இன்னொரு கைதி மேக் மகராஜ் அதை ஒளித்து வெளியே கொண்டுவந்தார். மூலப் பிரதியை முற்றத்தில் புதைத்து வைத்தார்கள். சுவர் கட்டத் தோண்டியபோது ஒரு பகுதி அகப்பட்டு, மண்டேலாவுக்கும் கூட இருந்த சிசுலுவுக்கும் கத்ராடாவுக்கும் படிக்கிற சலுகை நான்கு வருஷம் போயிற்று. அந்தப் பெரிய புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் சிபாதான்.

இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன், தங்கை கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார். காந்தியின் தென்னாப்பிரிக்க சத்தியாகிரகப் புத்தகத்தில் தம்பி நாயுடு வருகிறார், மொரீஷியஸில் பிறந்தவர், ஜோகன்னஸ்பர்க்கில் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனவர். அவருடைய பேரன் இந்திரஸ் நாயுடு 1963இல் பிடிபட்டுப் பத்து வருஷம் ராபன் தீவில் இருந்தவர். அதைப் பற்றி ஐலண்ட் இன் செயின்ஸ் என்று எழுதியிருக்கிறார். நீட்டி முழக்காத எழுத்து, கல் உடைக்கிற இடத்தை அப்படியே சொல்கிறார். இங்கிலீஷில் இருப்பதால் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். பொன்னியின் செல்வனும் சிலப்பதிகாரமும் மதுரைத் திட்டம் தளத்தில் இலவசமாக இருக்கின்றன, போனிலேயே படிக்கலாம். சேந்தன் அமுதன் விஷயத்தில் கல்கி செய்ததுதான் சரி என்பவர்கள் அடுத்த வாரம் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணுங்கள், நான் பதில் சொல்லத் தயார். வணக்கம்.