தாத்தாவின் டைரியில் மூன்று முறை சீரகம்

அனைவருக்கும் வணக்கம்.

டைரி என்றதும் மனசைத் திறந்து கொட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியதில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே வருகிறார், கப்பல் வருகிறது, சண்டை வருகிறது. கும்பகோணத்தில் என் தாத்தா எழுதியதில் பால்காரரும் சலவைக்காரரும் வருகிறார்கள். கல்யாணமோ காய்ச்சலோ, எல்லாம் வரவு செலவுதான்.

இந்த மாதிரி டைரியைத் தனியாக உட்கார்ந்து படித்தால் ஒன்றும் பிடிபடாது. அந்த வீட்டில் அப்போது இருந்தவர் ஒருவராவது பக்கத்தில் வேண்டும். எனக்கு அத்தை கிடைத்தார்.

1957 ஏப்ரலில் ஒரு பக்கம். ஒரே தேதியில் "சீரகம் 6, சீரகம் 6, சீரகம் 6". ஒரே நாளில் மூன்று முறை சீரகம் எதற்கு? அத்தையிடம் கேட்டதும் சிரித்துவிட்டார்.

அந்த ஏப்ரல் 1ஆம் தேதிதான் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 பைசா ஆனது. அப்படியானால் ஓர் அணா ஆறே கால் பைசா. கால் பைசாவுக்குக் காசு ஏது? அதனால் ஓர் அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19 என்று முழு எண்ணாக்கிவிட்டார்கள். கடைக்காரரோ இன்னும் அணாவில்தான் விலை சொல்வார். மூன்று அணாவுக்குச் சேர்த்து வாங்கினால் 19 பைசா. ஓர் அணா ஓர் அணாவாக வாங்கினால் 18. மிச்சம் ஒரு பைசா! அதற்காக எட்டு வயது அத்தை கடைக்கு மூன்று நடை நடந்திருக்கிறார்.

"நடந்த கூலியை எங்கயாவது எழுதியிருக்காரா பாரு" என்றார்.

பாட்டி பெயர் எந்த வருஷத்து டைரியிலும் இல்லை. "வீட்டுச் செலவுக்கு" என்று வருகிறதே, அதுதான் பாட்டி. கொடுத்த பணம் செலவாகிவிட்டது என்று தாத்தா கணக்கை முடித்துவிடுவார். அதில் வாரா வாரம் எட்டணா அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் போனது அத்தைக்குத் தெரியும். அத்தை கல்யாணத்துக்குப் பணம் போதாமல் தாத்தா கடன் கேட்கக் கிளம்பியபோது, பாட்டி அந்தச் சேமிப்பை எடுத்து நீட்டினாராம்.

சரி, டைரி என்ன சொல்கிறது? "கைமாற்று வரவு 140 ரூ." மற்றக் கடன்களுக்கெல்லாம் கொடுத்தவர் பெயர் எழுதுகிற மனுஷர், இதற்கு மட்டும் எழுதவில்லை. அப்புறம் மாதா மாதம் "கைமாற்றுக்குத் திருப்பியது 5 ரூ.", கடன் தீரும்வரை, 28 வரிகள்.

இது அத்தைக்கே புதுச் செய்தி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மா அதையும் அஞ்சறைப் பெட்டியிலதான் போட்டிருப்பா" என்றார்.