வசனத்தால் பேர் வாங்கியவர் வசனத்தைக் குறைத்தபோது

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு காலத்தில் வானொலியில் ஒலிச்சித்திரம் என்று ஒரு நிகழ்ச்சி வரும். ஒரு முழுப் படத்தின் ஒலியைச் சுருக்கிப் போடுவார்கள். தியேட்டருக்குப் போகாதவர்களுக்கும் கதை புரிந்துவிடும். 1974இல் வந்த 'தங்கப்பதக்கம்' அப்படிக் காதால் கேட்டே ரசிக்கக்கூடிய படம். எஸ்.பி. சௌத்ரி என்ற அந்தப் போலீஸ் அதிகாரியின் மிடுக்கும் அவர் மனசுக்குள் இருக்கிற துக்கமும் சிவாஜியின் குரலிலேயே வந்துவிடும். அதன் கதை வசனத்தை எழுதியவர் மகேந்திரன். அதே மகேந்திரன் ஐந்து வருடம் கழித்து இயக்கிய 'உதிரிப்பூக்கள்' படத்தை ஒலிச்சித்திரமாகப் போட்டால் பாதிப் படம் நமக்கு வந்து சேராது. அதைக் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும்.

எழுத்தாளராக இருந்து இயக்குநரானவர்கள் தமிழில் நிறைய உண்டு. ஸ்ரீதர், கே.எஸ். கோபாலகிருஷ்ணன், ஏ.பி. நாகராஜன், பாலசந்தர் என்று பெரிய வரிசை அது. அவர்களில் பெரும்பாலோர் தங்கள் எழுத்தின் பலத்தைத் திரையில் இன்னும் பெரிதாக்கிக் காட்டினார்கள். எந்த வசனத்தால் தனக்குப் பேர் வந்ததோ அதையே விலக்கி வைக்கத் துணிந்தவர் என்று நான் முதலில் சொல்வது மகேந்திரனைத்தான்.

இளையான்குடியில் 1939இல் பிறந்தவர். இயற்பெயர் அலெக்சாண்டர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படிக்கும்போது, 1958இல், எம்.ஜி.ஆர். அங்கே விழாவுக்கு வருகிறார். மேடையேறிய இந்த மாணவர் எம்.ஜி.ஆரை வைத்துக்கொண்டே சினிமாவை விமர்சித்துப் பேசினார். எங்கள் கல்லூரியில் ஒரு பெண்ணோடு நின்று பேசவே முடியாது, படத்திலோ ஊரறிய டூயட் பாடிக்கொண்டு போகிறீர்கள், யாரும் ஒன்றும் கேட்பதில்லையே என்ற தோரணையில் போயிற்று அந்தப் பேச்சு. எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை, ரசித்தார். பாராட்டி எழுதியும் கொடுத்தார்.

பிறகு சட்டம் படிக்கச் சென்னைக்கு வந்து, பணமில்லாமல் படிப்பை விட்டு, 'இனமுழக்கம்' பத்திரிகையில் சேர்ந்தார். அங்கே ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் எம்.ஜி.ஆர். இவரை அடையாளம் கண்டுகொண்டார். கூப்பிட்டு, கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலுக்குத் திரைக்கதை எழுதச் சொன்னார். அந்தப் படம் நடக்கவில்லை. ஆனால் அத்தனை பெரிய நாவலைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்க்கிற பயிற்சி ஒரு இளைஞருக்கு அங்கே கிடைத்துவிட்டது. அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள் என்றால் வேறென்ன வேண்டும்!

'நாம் மூவர்', 'சபாஷ் தம்பி', 'பணக்காரப் பிள்ளை', 'நிறைகுடம்' என்று அறுபதுகளில் கதை எழுதினார். நடுவில் 'துக்ளக்' பத்திரிகையில் வேலை. நாடகமாக எழுதியதுதான் சிவாஜியின் மேடைக்குப் போய், பிறகு பி. மாதவன் இயக்கத்தில் 'தங்கப்பதக்கம்' படமானது. அதன் பிறகு மகேந்திரன் என்றால் வசனம், வசனம் என்றால் கைதட்டல். தயாரிப்பாளர்கள் தேடி வந்தார்கள்.

அவருக்கு அது பிடிக்கவில்லை என்பதுதான் விசேஷம். பாத்திரங்கள் எதிரெதிரே நின்று மாறி மாறிப் பேசுவதையே சினிமா என்று நம்மவர்கள் நினைக்கிறார்களே என்ற வருத்தம் கல்லூரி நாளிலிருந்தே அவருக்குள் இருந்தது. அதே மாதிரிப் படங்களுக்கு எழுதித்தான் அவர் வீடும் நடந்தது. பிடிக்காத வேலையை அத்தனை வருடம் அவ்வளவு திறமையாகச் செய்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

வேணு செட்டியார் என்ற தயாரிப்பாளர் படம் இயக்கக் கூப்பிட்டபோது மகேந்திரன் கையில் எடுத்தது 'முள்ளும் மலரும்'. கல்கி பத்திரிகையின் வெள்ளிவிழாப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய நாவல். எழுதிய உமா சந்திரன் நம் வானொலியில் பணியாற்றியவர் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனசு வரவில்லை. நாவலிலிருந்து மகேந்திரன் எடுத்துக்கொண்டது மலையில் கம்பிவட வண்டியை இயக்கும் வின்ச் ஆபரேட்டர் காளியையும் அவன் தங்கை வள்ளியையும் அந்த மலைப்பிரதேசத்தையும். மற்றபடி தன் போக்கில் திரைக்கதை எழுதினார்.

காளியாக ரஜினிகாந்த்தான் வேண்டும் என்றார். வில்லன் வேடங்களுக்குப் பேர்போனவரை அண்ணன் வேடத்தில் போடுவதா என்று தயாரிப்பாளர் தயங்கினார். மகேந்திரன் விட்டுக்கொடுக்கவில்லை. ஒளிப்பதிவுக்குப் பாலு மகேந்திரா வந்தார், கமல்ஹாசன் மூலமாக. கடைசியில் 'செந்தாழம் பூவில்' பாட்டை எடுக்கப் பணம் தர மாட்டேன் என்று தயாரிப்பாளர் நின்றுவிட்டபோது, அந்தச் செலவை ஏற்றுக்கொண்டவரும் கமல்தான். ரஜினி நடிக்கிற படத்துக்கு, தனக்கு வேடமே இல்லாத படத்துக்கு, கமல் செய்த உதவி இது.

படத்தைப் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். படத்தில் வசனமே இல்லையே என்று. அவர் கேட்டதும் நியாயம்தான். 'தங்கப்பதக்கம்' எழுதியவரை அல்லவா அவர் அழைத்திருந்தார்? 1978 ஆகஸ்ட் 15இல் படம் வெளிவந்தது. ஆரம்பத்தில் கூட்டம் இல்லை. பார்த்தவர்கள் பேசிப் பேசித்தான் கூட்டம் வந்தது, நூறு நாளைத் தாண்டி ஓடியது. உன்னை அறிமுகப்படுத்தியதற்காகப் பெருமைப்படுகிறேன் என்று ரஜினிக்குப் பாலசந்தர் கடிதம் எழுதினார்.

அந்தப் படத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். அண்ணனின் சம்மதம் இல்லாமல் வள்ளி, காளிக்குப் பிடிக்காத ஒரு இன்ஜினீயரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கிளம்புகிறாள். ஊரே கூட வருகிறது. எதிரே ஒற்றைக் கையோடு காளி வந்து நிற்கிறான். வள்ளி நின்றுவிடுகிறாள். அண்ணனைப் பார்க்கிறாள், எல்லோரையும் விட்டுவிட்டு அவனிடம் ஓடி வந்துவிடுகிறாள். அவள் ஒன்றும் சொல்வதில்லை. வள்ளியாக நடித்த ஷோபாவின் முகம் போதுமானதாக இருக்கிறது. அப்புறம் காளி பேசுகிறான், தங்கையை அவனே கொண்டுபோய்க் கொடுக்கிறான். கொடுக்கும்போதும், எனக்கு இப்பவும் உங்களைப் பிடிக்கவில்லை என்று இன்ஜினீயரிடம் சொல்லிவிடுகிறான். மனம் மாறித் திருந்திவிட்டேன் என்று அவனைக் கண்ணீரோடு பேசவைத்திருந்தால் அன்றைய தியேட்டர் கைதட்டியிருக்கும். மகேந்திரனுக்கு அந்தக் கைதட்டலை வாங்கத் தெரியாதா என்ன! காளி எப்படிப்பட்டவன் என்பது அவருக்குத் தெரியும், அதனால் அதை எழுதவில்லை. வசனம் வேண்டாம் என்றவர் இல்லை அவர். எந்த இடத்தில் ஒருவன் வாய் திறப்பான் என்று பல வருடம் எழுதி எழுதிக் கற்றுக்கொண்டவர்.

அடுத்த வருடம் 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' கொடுத்த பொறி அது. ஊரில் பெரிய மனிதனாக உலவும் சுந்தரவடிவேலு வீட்டுக்குள் எவ்வளவு கொடியவன் என்பதைச் சொல்லும் படம். அந்த வேடத்தில் விஜயன் கத்துவதில்லை, கண்ணை உருட்டுவதில்லை. சாதாரணமாக நடமாடுகிறார். அதனாலேயே பயமாக இருக்கிறது. முடிவில் ஊர்மக்கள் அவனை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய், நீயே இறங்கிச் செத்துப்போ என்கிறார்கள். நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான் என்ற பொருளில் இரண்டு வரி பேசிவிட்டு இறங்குகிறான். தீயவன் அழிந்தான் என்று நாம் நிம்மதியாக எழுந்து போக முடியாமல் செய்துவிடுகிறது அந்த இரண்டு வரி. படம் முழுக்கப் பேச்சைச் சிக்கனமாக வைத்திருந்ததால்தான் அதற்கு அத்தனை கனம்.

1980 அவருடைய வருடம். பொன்னீலனின் நாவலைத் தழுவி 'பூட்டாத பூட்டுக்கள்', அப்புறம் 'ஜானி', 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'. ஜானியில் ஸ்ரீதேவியின் அர்ச்சனா, புகழ்பெற்ற பாடகி, தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளும்படி தானே கேட்கிற காட்சி ஒன்று உண்டு. ஜானி தயங்குகிறான். அவன் திருடன் என்பது அவளுக்குத் தெரியாது. அந்தத் தயக்கத்தை அவள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டு உடைந்துபோகிறாள். நம் காதல் காட்சிகளில் இவ்வளவு கண்ணியமான ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்த சுஹாசினியை நடிகையாக்கியது 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'. அதற்குத் தேசிய விருதுகள் மூன்று: சிறந்த தமிழ்ப்படம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு. பேச்சைக் குறைத்தவரின் படத்துக்கு ஒலிப்பதிவு விருது கிடைத்தது பொருத்தம்தான். காலடிச் சத்தமும் மூச்சும் இளையராஜாவின் இசையும் கேட்க இடம் கிடைத்ததே பேச்சு விலகி நின்றதால்தானே.

அதன் பிறகு 'நண்டு', 'மெட்டி', 'கை கொடுக்கும் கை' என்று போயிற்று. இவற்றில் நல்ல பகுதிகள் உண்டு, முதல் ஐந்து படங்களின் இறுக்கம் இல்லை என்பது என் கருத்து. இடைவெளிகள் நீண்டன. செட்டிநாட்டுச் சுவீகார வழக்கத்தை, அதாவது பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் வழக்கத்தை, வைத்து எடுத்த 'சாசனம்' பல வருடம் தாமதமாகி 2006இல் வந்தது. அதையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு படங்கள். 'தெறி', 'பேட்ட' படங்களில் நடிகராகப் பார்த்துத்தான் இன்றைய பிள்ளைகள் பலருக்கு அவரைத் தெரியும். 2019 ஏப்ரலில் காலமானார். உங்களுக்குப் பிடித்த இயக்குநர் யார் என்று பாலசந்தரே மேடையில் கேட்டபோது ரஜினி சொன்ன பெயர் மகேந்திரன்.

அவர் படங்களைப் பார்க்காத இளைஞர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் 'முள்ளும் மலரும்' படத்திலிருந்து தொடங்குங்கள். அப்புறம் 'ஜானி'. 'உதிரிப்பூக்கள்' படத்துக்கு மட்டும் ஒரு முழு மாலையை ஒதுக்கி, செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, நடுவில் நிறுத்தாமல் பாருங்கள். திரைக்கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் அதற்கு முந்தின நாள் 'தங்கப்பதக்கம்' படத்தையும் பார்த்துவிடுங்கள்.

வணக்கம்.